தொட்டில் ரெடி, டயப்பர் ரெடி... ராத்திரி 2 மணிக்கு யார் ரெடி? புது அம்மாவின் முதல் ஆறு மாதத் திட்டம்!

உங்கள் போனில் இருக்கும் நோட்ஸ் ஆப்பைத் திறந்து பாருங்கள். ஏழாவது மாதத்தைத் தாண்டிய கர்ப்பிணி என்றால், அதில் நிச்சயம் ஒரு லிஸ்ட் இருக்கும். டயப்பர், வைப்ஸ், கொசுவலை, குட்டிக் குட்டி சாக்ஸ், பேபி சோப் என்று ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் ஷாப்பிங் ஆப்பில் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருப்பீர்கள்.

தப்பே இல்லை. நானும் அதைத்தான் செய்தேன். முதல் பிரசவத்துக்கு முன் நான் எழுதிய லிஸ்ட்டில் 43 பொருள்கள் இருந்தன. ஒரு மனுஷரின் பெயர்கூட இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாவது ராத்திரி குழந்தை வீறிட்டு அழுதபோது, அந்த 43-ல் எதை எடுத்தால் நான் ஒரு மணி நேரம் தூங்கலாம் என்று தேடினேன். அப்படி ஒன்றை நான் வாங்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அதனால் இந்தக் கட்டுரையில் பொருள்களுக்கு ஒரே ஒரு பத்திதான். மற்றதெல்லாம் நாள்கள், மணி நேரங்கள், ஆள்கள். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்பே உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியவை.

முதலில் லீவு கணக்கைப் போடுங்கள்

நீங்கள் தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் என்றால், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார மகப்பேறு விடுப்பு உண்டு. 2017-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வந்த உரிமை இது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள்கள் அந்த நிறுவனத்தில் வேலை செய்திருக்க வேண்டும். இந்த 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பலரும் கணக்கில் தடுக்கி விழுகிறோம். 26 வாரம் என்றால் 182 நாள். குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய காலம் ஆறு மாதம், அதுவும் கிட்டத்தட்ட அதே 182 நாள்தான். பிரசவ வலி வரும்வரை வேலைக்குப் போனால்தான் இந்த இரண்டு கணக்கும் நேராகும். எட்டு வாரம் முன்னாலேயே லீவு போட்டுவிட்டால் மிச்சம் 18 வாரம். அதாவது குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்த கையோடு நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள். இட்லி, கஞ்சி எதுவும் கொடுக்க முடியாத வயசு. அடுத்த எட்டு வாரத்துக்குப் பகல் நேரத்தில் பால் எங்கிருந்து வரும்?

'அப்போ கடைசி நாள் வரைக்கும் ஆபீஸ் போகணுமா?' என்று கேட்காதீர்கள். கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறி, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால், முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் குறையும் என்பது தெரிந்து எடுப்பது வேறு, ஐந்தாவது மாதத்தில் ஹெச்.ஆர் மெயில் வந்த பிறகு திடுக்கிடுவது வேறு. முன்னால் ஓய்வு தேவைப்பட்டால் சேர்த்து வைத்த சம்பள விடுப்பைக் கரைக்க முடியுமா, கடைசி சில வாரங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை கிடைக்குமா என்று எழுத்துபூர்வமாகக் கேட்டு வையுங்கள். விடுப்பு முடிந்த பிறகும், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், நிறுவனமும் நீங்களும் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், நாளில் நான்கு முறை நீங்கள் போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்பதும் சட்டம்தான். கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து 12 மாத விடுப்பு. அவர்கள் இந்தப் பகுதியைப் பெருமூச்சு இல்லாமல் தாண்டிவிடலாம். கடைகளிலும் வீடுகளிலும் தினக்கூலிக்கு வேலை செய்யும் பெண்களுக்கு இந்த 26 வாரம் என்பதே கதைதான். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா கர்ப்பமாக இருந்தால், கிராம சுகாதார செவிலியரிடமோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்துவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கணவரின் லீவு? மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். தனியார் துறையில் அப்பாக்களுக்கு என்று சட்டம் எதுவும் இல்லை, கம்பெனியின் மனசுதான். அதனால் ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே அவர் தன் விடுப்பைச் சேமிக்கத் தொடங்க வேண்டும். அதை அவர் எப்போது எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் சித்தி, அத்தை, பெரியம்மா என்று ஒரு கும்பலே இருக்கும். உண்மையில் ஆள் தேவைப்படுவது, எல்லோரும் ஊருக்குத் திரும்பிய பிறகு. பாதியை அப்போதைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பொருள்கள்: ஒரே பத்தி

அரசு மருத்துவமனைகளில் 2015-ல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் மொத்தம் 16 பொருள்கள்தான். துண்டு, சட்டை, குட்டிப் படுக்கை, கொசுவலை, நாப்கின், நகவெட்டி, சோப்பு, கை கழுவும் திரவம், அம்மாவுக்கு லேகியம் என்று அடங்கிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அதற்கு மேல் பெரிதாக எதுவும் தேவைப்படாது. தாத்தாவின் பழைய பருத்தி வேட்டி இரண்டைத் துவைத்து வெயிலில் காயவைத்துக் கிழித்து வைத்துக்கொண்டால் பகல் முழுக்க ஓடிவிடும். ராத்திரிக்கும் வெளியே போகவும் டயப்பர். நியூபார்ன் சைஸை மூட்டையாக வாங்காதீர்கள், சில வாரத்தில் சின்னதாகிவிடும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று அவசியம். பிரெஸ்ட் பம்ப் இப்போது வேண்டாம், பிறகு சொல்கிறேன். மை, மூக்கில் தெறிக்கும் பவுடர் இரண்டும் எப்போதுமே வேண்டாம்.

ஆஸ்பத்திரியில்: இரண்டே விஷயங்களை உறுதி செய்யுங்கள்

ஒன்று, முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை உங்கள் மார்பில் போடச் சொல்லுங்கள். சிசேரியன் என்றாலும், நீங்களும் குழந்தையும் நலமாக இருந்தால் இது முடியும். முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி வைக்க வேண்டும், அவ்வளவுதான். மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலைப் பார்த்து 'பாலே வரலையே' என்று யாராவது பதறுவார்கள். பிறந்த அன்று குழந்தையின் வயிறு கொள்வதே ஒரு டீஸ்பூன் அளவுதான். அந்தச் சொட்டுகள் அதற்குப் போதும். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, தேன் நாக்கில் தடவுவது போன்ற 'சேனை வைக்கும்' சடங்கை யார் செய்வது என்று உறவில் போட்டியே நடக்கும். ஒரு வயசுக்குள் தேன் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா, கைக்குழந்தையின் குடலில் நச்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். 'நல்ல குணம் வரணும்னா தாய்மாமா கையால ஒரு பவுன் மோதிரம் போட்டா போதும் பெரியம்மா' என்று சிரித்தபடி திசை திருப்ப ஒருவரைத் தயார் செய்து வையுங்கள்.

இரண்டு, பிறப்புப் பதிவு. 21 நாள்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே விவரத்தை அனுப்பிவிடுவார்கள். அதற்கு உங்கள் பிக்மி எண் வேண்டும், கர்ப்பகாலத்திலேயே வாங்கி போனில் போட்டோ எடுத்து வையுங்கள். ஃபார்மில் உங்கள் பெயரும் கணவர் பெயரும் ஆதாரில் இருக்கிற அதே ஸ்பெல்லிங்கில் இருக்கிறதா என்று கணவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளி அட்மிஷன், பாஸ்போர்ட் என எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஓர் எழுத்து பிசகினால் பிறகு எவ்வளவு அலைச்சல் என்று அலைந்தவர்களைக் கேளுங்கள். குழந்தையின் பெயர் முடிவாகவில்லை என்று பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். நியூமராலஜி பஞ்சாயத்து நிதானமாக நடக்கட்டும்.

ராத்திரி 2 மணி

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். பத்து என்றே வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு அரை மணி நேரம் என்றால், நீங்கள் பால் கொடுப்பது மட்டுமே நாளுக்கு 5 மணி நேரம். அதோடு முடியாது. தோளில் போட்டு ஏப்பம் விடவைக்க வேண்டும். அதற்குள் துணி நனைந்திருக்கும், மாற்ற வேண்டும். மாற்றியதில் முழித்திருக்கும், திரும்பத் தூங்கவைக்க வேண்டும். அதற்கும் ஒரு அரை மணி நேரம். இன்னொரு 5 மணி நேரம்.

முதல் 5 மணி நேரத்தை உங்களைத் தவிர யாராலும் செய்ய முடியாது. இரண்டாவது 5 மணி நேரத்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அப்பா, பாட்டி, தாத்தா, ஊரிலிருந்து வந்த தங்கச்சி, யாரும். ஒரு புது அம்மாவின் தூக்கம் முழுக்க இந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது. 'அவளுக்குத்தானே பால் இருக்கு, நான் முழிச்சிருந்து என்ன பண்றது?' என்று கேட்கும் கணவர்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே ஃபார்வர்டு செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டாவது குழந்தைக்கு ஷிப்ட் போட்டோம். ராத்திரி 9 முதல் 2 வரை என் அம்மா. 2 முதல் காலை 7 வரை கணவர். ஷிப்ட்டில் இருப்பவர்தான் குழந்தை பக்கத்தில் படுப்பார். அழுதால் தூக்கி என்னிடம் கொடுப்பார். நான் படுத்தபடி, பாதிக் கண் மூடியபடி பால் கொடுப்பேன். முடிந்ததும் அவர் வாங்கிக்கொள்வார், நான் மறுபடி தூங்குவேன். எழுந்து லைட் போட்டு, டயப்பர் தேடி, தூக்கம் முழுசாகக் கலைந்து உட்காரும் வேலை எனக்கு இல்லை. இதில் எந்தப் பெரிய தியாகமும் இல்லை. ஆனால், முதல் குழந்தைக்கு நான் அழுத அழுகை இரண்டாவதுக்கு இல்லை.

அம்மா வீட்டில் பிரசவம், கணவர் வேறு ஊரில் வேலை என்றால் இந்த ஷிப்ட்டை முன்கூட்டியே பேசுவது இன்னும் முக்கியம். அறுபது வயசு அம்மா பகலெல்லாம் சமைத்து, துவைத்து, பத்தியச் சாப்பாடு தனியாகச் செய்து, ராத்திரியும் முழித்தால் பதினைந்தாவது நாள் அவர் படுத்துவிடுவார். அந்த நேரத்தில் மூன்று பேரையும் யார் பார்ப்பது? துணி துவைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் இரண்டு மாதத்துக்கு ஆள் வைக்க முடிந்தால், ஸ்ட்ரோலர் வாங்கும் காசை அதற்குக் கொடுங்கள். நம் தெருவின் பள்ளத்தில் ஸ்ட்ரோலர் ஓடுவதுமில்லை.

ஒன்றைத் தெரிந்துகொண்டால் மனசு கொஞ்சம் லேசாகும். குழந்தைக்குப் பகல் ராத்திரி வித்தியாசம் பிடிபட ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அழுகையும் ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு மெல்ல இறங்கும். உங்களுக்குக் குழந்தை வளர்க்கத் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், ராத்திரி மங்கலான வெளிச்சம் போதும், பேச்சையும் குறையுங்கள்.

தூங்கவைக்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள், கெட்டியான சமமான படுக்கையில். தலையணை, சுற்றி மெத்தை மெத்தையான பொம்மைகள் வேண்டாம். தூளி? அம்மா சேலையில் கட்டிய தூளியில் வளராதவர் நம்மில் யார். ஆனால் தூளிக்குள் கழுத்து மடங்கி, தாடை நெஞ்சில் ஒட்டினால் சின்னக் குழந்தைக்கு மூச்சுத் திணறும். பகலில் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டும்போது சரி, ராத்திரி முழுக்கத் தூளியில் விட்டுவிட்டு நாம் தூங்குவது வேண்டாம்.

'நாங்கல்லாம் வளர்க்கலையா?'

முதல் 40 நாளில் இந்தக் கேள்வியைப் பத்து முறையாவது கேட்பீர்கள். பாட்டிகளை எதிரியாக்காமல் குழந்தையைக் காப்பது எப்படி என்பதற்கும் ஒரு திட்டம் வேண்டும்.

நல்லவற்றை முதலில் மனசாரச் சொல்லுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டும் பாட்டியின் லாகவம் எந்த வீடியோவிலும் வராது. பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு எல்லாம் பச்சை உடம்புக்காரிக்கு நல்ல புரதமும் சத்தும் உள்ள சாப்பாடு. அளவான கை எண்ணெய் மசாஜும் சரி. இவற்றைப் பாராட்டினால் மற்றதைச் சொல்ல இடம் கிடைக்கும்.

கறாராக நிற்க வேண்டிய இடங்களும் உண்டு. குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, மூக்கில் ஊதக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். ஈரத் தலையை உலர்த்தச் சாம்பிராணிப் புகை வேண்டாம், மெல்லிய துண்டு போதும். தொப்புள்கொடி தானாக உலர்ந்து விழும்வரை மஞ்சளோ சாம்பலோ எண்ணெயோ எதுவும் வைக்கக் கூடாது. உரை மருந்து, சுட்ட வசம்பு, கிரைப் வாட்டர், தெருவில் கூவி விற்கும் கழுதைப்பால், இவற்றில் ஒன்றுகூட ஆறு மாதத்துக்குள் வாய்க்குள் போகக் கூடாது. சென்னை வெயில், மதுரை வெயில் எதுவாக இருந்தாலும் தனியாகத் தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். டாக்டர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் இதற்கு விதிவிலக்கு.

இதையெல்லாம் நீங்கள் சொன்னால் சண்டையாகும். டாக்டர் சொன்னால் ஆகாது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அம்மாவையும் அத்தையையும் டாக்டர் முன்னால் உட்காரவைத்து, நீங்களே ஒன்றும் தெரியாதவர் போல் கேளுங்கள்: 'டாக்டர், வசம்பு கொடுக்கலாமா? மூக்குல எண்ணெய் விடலாமா?' பதிலை அவர்களே கேட்டுக்கொள்வார்கள். பார்க்க வருபவர்களை 'கை கழுவிட்டு வாங்க, முத்தம் மட்டும் வேண்டாம், டாக்டர் திட்டுவாரு' என்று சொல்லும் வேலையையும் கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பால் போதவில்லை என்ற பேச்சும் இந்த நாள்களில்தான் கிளம்பும். பதிலை டயப்பர் சொல்லும். ஐந்தாவது நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போகிறது என்று அர்த்தம். முதல் சில நாளில் பிறந்த எடையில் 10 சதவிகிதம் வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறுவது இயல்பு. ஏறவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், பவுடர் பால் டப்பாவை வீட்டில் யாராவது தாமாக முடிவு செய்து வாங்க வேண்டாம். இந்தியாவில் 1992-ம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைப் பால் பவுடருக்கும் ஃபீடிங் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யத் தடை இருக்கிறது, அவ்வளவு யோசித்துப் போட்ட சட்டம் அது. ஆனால், மருத்துவக் காரணத்தால் டாக்டரே பவுடர் பால் எழுதிக் கொடுத்தால், அதற்காகக் குற்றவுணர்ச்சியில் அழ வேண்டியதில்லை. குழந்தை வளர்வதுதான் முக்கியம்.

அம்மாவின் உடம்பும் மனசும்

எல்லோரும் குழந்தையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். உங்களை யார் பார்ப்பது?

பத்தியம் என்ற பெயரில் 'தண்ணி அதிகம் குடிக்காதே, வயிறு போடும்' என்பார்கள். கேட்காதீர்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைப் பிரசவத்தோடு நிறுத்தாமல் 180 நாள் தொடர வேண்டும், இதைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனையும் ரத்தப்போக்கு, காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், தையலில் சீழ், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதல் இரண்டு வாரத்தில் காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும், ஒரு விளம்பரம் பார்த்தாலே கண் கலங்கும். ஹார்மோன் இறக்கமும் தூக்கமின்மையும் செய்யும் வேலை அது, தானாகச் சரியாகும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் போகவில்லை என்றால், குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், குழந்தைமேல் ஒட்டுதலே வரவில்லை, 'நான் இல்லாம இருந்தா நல்லது' என்று தோன்றுகிறது என்றால், அது திமிரோ சோம்பலோ பேய்க்கோளாறோ இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மன அழுத்த நோய். சிகிச்சை இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. டெலி மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயம் வந்தால், அந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

பிரசவத்துக்கு முன்பே இதற்கென ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். வெட்கப்படாமல் எதையும் சொல்லக்கூடிய ஒருவர். அக்காவாக இருக்கலாம், காலேஜ் தோழியாக இருக்கலாம். 'குழந்தை பிறந்து மூணாவது வாரத்துல இருந்து வாரம் ஒரு தடவை எனக்கு போன் பண்ணு. குழந்தையைப் பத்திக் கேக்காதே, என்னைப் பத்திக் கேளு' என்று சொல்லி வையுங்கள்.

கூச்சத்தில் யாரும் பேசாத இன்னொரு திட்டமும் உண்டு. மாதவிடாய் திரும்ப வரவில்லை, பால் கொடுக்கிறோம், அதனால் கருத்தரிக்காது என்று நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடும். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருட இடைவெளி உடம்புக்குத் தேவை. ஆறாவது வார செக்கப்புக்குப் போகும்போது, கணவரையும் கூட்டிக்கொண்டு போய் கருத்தடை பற்றிக் கேட்டுவிடுங்கள்.

தடுப்பூசித் தேதிகளை இப்போதே காலண்டரில் போடுங்கள்

பிறந்தவுடன் பி.சி.ஜி, போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி. பிறகு 6, 10, 14-வது வாரங்கள், நம் பேச்சில் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசி. அரசு சுகாதார நிலையங்களில், பெரும்பாலும் புதன்கிழமைகளில், இலவசம். தனியாரில் போட்டாலும் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் வரலாம், அன்றைக்கு மட்டும் இரண்டு ஷிப்ட்டிலும் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, டாக்டர் எழுதியதைத் தாண்ட வேண்டாம்.

ஊசி போடாத நாளில் மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமில்லை. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், இவையும் அப்படியே. 'காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் போயிடும்' என்று அந்த நிலையில் காத்திருக்கக் கூடாது. வீட்டிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில், யார் கூட வருவார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். வண்டி கிடைக்காவிட்டால் 108.

திரும்ப வேலைக்கு: ஒரு மாதம் முன்பே ஒத்திகை

இப்போது பம்ப் வாங்கலாம். வேலைக்குத் திரும்ப நான்கைந்து வாரம் இருக்கும்போது, காலையில் முதல் முறை பால் கொடுத்து முடித்த பிறகு எடுத்துப் பழகுங்கள். முதல் நாள் அடிப்பாகம்கூட நனையாது, பயப்பட வேண்டாம். நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தோராயமாக 25 முதல் 35 மி.லி என்று கணக்கு வையுங்கள். போக வர டிராஃபிக்கையும் சேர்த்து 10 மணி நேரம் என்றால் 250 முதல் 350 மி.லி.

எடுத்த பாலை ஃபிரிட்ஜின் உள்பக்கம் வைத்தால் நான்கு நாள் வரை தாங்கும் என்பார்கள். கரன்ட் போய்ப் போய் வரும் வீட்டில் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவதே நிம்மதி. அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். பாட்டிலைவிடப் பாலாடை நல்லது, கழுவுவதும் சுலபம். முதல் சில நாள் அதைக் கொடுப்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. உங்கள் வாசனை பக்கத்தில் இருக்கும்போது பாலாடையை எந்தக் குழந்தையும் திரும்பிப் பார்க்காது. நீங்கள் மாடிக்கோ கடைக்கோ போய்விடுங்கள்.

ஆபீஸில் எங்கே உட்கார்ந்து பால் எடுப்பீர்கள், அந்த அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று முன்பே ஒரு நாள் போய்ப் பாருங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, நாளில் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளைக்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. குழந்தையோடு வெளியூர் போகிறவர்கள் கவனத்துக்கு, தமிழ்நாட்டுப் பஸ் ஸ்டாண்டுகளில் 2015-லிருந்து பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பூட்டிக் கிடந்தால் சாவியைக் கேட்டு வாங்குங்கள்.

ஆறு மாதம் முடிந்த பிறகு நீங்கள் திரும்புகிறீர்கள் என்றால் பாதிக் கவலை குறையும். மசித்த வாழைப்பழம், ராகிக் கூழ், நெய் விட்ட பருப்பு சாதம் எனப் பகலில் வேறு சாப்பாடும் தொடங்கியிருக்கும். பார்த்துக்கொள்ளப் போகிறவர், பாட்டியோ காப்பகமோ ஆயாவோ, உங்களோடு சேர்ந்து குறைந்தது இரண்டு வாரம் குழந்தையோடு பழகட்டும். மூன்றாவது வாரம் நீங்கள் இரண்டு மணி நேரம், பிறகு நான்கு மணி நேரம், பிறகு ஒரு முழு நாள் வெளியே இருந்து பாருங்கள். அந்த முழு நாளில் என்னென்ன சொதப்புகிறதோ, அதைச் சரிசெய்ய இன்னும் ஒரு வாரம் கையில் இருக்கும்.

கடைசியாக ஒரு சின்ன யோசனை. வேலைக்குத் திரும்பும் முதல் நாளைத் திங்கள்கிழமையாக வைக்காதீர்கள். வியாழக்கிழமை சேருகிறேன் என்று கேளுங்கள். இரண்டே நாள், அடுத்து சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளும் பையில் மாற்று உடை ஒன்று இருக்கட்டும், மீட்டிங் நடுவில் சட்டை நனையும்.